தொலைந்தால் வலிக்கிற சாமான்

தேத்தண்ணியை ஆறவிடாமல் எடுத்துக்கொள்ளுங்கள். சாயம்தான். பால்மா விற்கிற விலையில் வருகிறவர்களுக்கெல்லாம் பால் தேத்தண்ணி ஊற்றக் கட்டுப்படியாகாது. அதோடு, கச்சான் காற்றுக் காலத்து ஊவாத் தேயிலையைப் பால் கலக்காமல் குடிப்பதுதான் அதற்கு மரியாதை.

இன்றைக்குப் பேசப்போவது வீட்டை ஒழுங்காக வைத்திருப்பதைப் பற்றி. இது பொம்பிளைகள் பேச்சு என்று ஆண்பிள்ளைகள் எழுந்து போகவேண்டாம். கடைசியில் உங்கள் தலையிலும் ஒரு வேலை விழும்.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் கைபேசி இல்லாத காம்பரா இப்போது குறைவு. பசறையிலோ மடுல்சீமையிலோ ஹாலிஎலயிலோ, சட்டி கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுக்கிற பெண் தூக்கம் வரும்வரை அதைப் பார்க்கிறாள். வீடு அடுக்குகிற வீடியோக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. வெள்ளைச் சுவர், ஒரே அளவான கண்ணாடிப் போத்தல்கள், பருப்புக்கு ஒரு லேபிள், சீனிக்கு ஒரு லேபிள். பார்த்து முடித்துத் தலையைத் திருப்பினால் தன்னுடைய காம்பரா. கொடியில் காயாத பள்ளிக்கூடச் சட்டை, கட்டிலுக்கடியில் அரிசிச் சாக்கு, மூலையில் மிலாறுக் கட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிய கரண்ட் பில். நமக்கெல்லாம் ஒழுங்கு சரிவராது என்று நினைத்துக்கொண்டு லைட்டை அணைக்கிறாள்.

அவள் நினைப்பது பிழை. ஆனால் அவள் மேல் பிழை இல்லை. பிழை எங்கே தொடங்கியது என்று தெரிய, கட்டடத்தின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

லயம் என்பது முதலில் குடும்பத்துக்காகக் கட்டியது இல்லை. கோப்பிக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து, திரும்பிப் போனவர்கள். அவர்கள் இரவில் முடங்க ஒரு கூரை போதும் என்று துரைமார் நினைத்தார்கள். 1869-ல் இலைநோய் தலைகாட்டி, அடுத்த இருபது வருசத்துக்குள் கோப்பியைத் தின்று தீர்த்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. தோமஸ் லிப்டன் 1890-ல் அப்புத்தளைக்குப் பக்கத்தில் தம்பத்தன்னையில் தொழிற்சாலை கட்டிய காலம் அது. தேயிலைக்குப் பருவம் பார்த்து வந்துபோகிற ஆள் போதாது. வருசம் முழுக்கக் கொழுந்து எடுக்க ஆள் வேண்டும். ஆகவே ஆண், பெண், பிள்ளை, கிழவி எல்லாரும் இங்கேயே தங்கினார்கள். பயிர் மாறியது, வேலை மாறியது, தங்குகிற ஆள்தொகை மாறியது. கட்டடத்தின் கணக்கு மட்டும் மாறவில்லை. 1924-ல் ரயில்பாதை பதுளைவரை வந்து சேர்ந்தபோதும், அந்த ரயிலில் ஏற்றிய தேயிலையைப் பறித்தவர்கள் ஒற்றைக் காம்பராவில்தான் இருந்தார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி என்பது பலரும் அறிந்த அளவு. 120 சதுர அடி. முன்னால் ஓர் இஸ்தோப்பு, ஒரு கதவு, இருந்தால் ஒரு சின்ன ஜன்னல், ஓர் அடுப்பு. சுவரில் ஒரு மாடக்குழி கூடக் கிடையாது. மனிதர்களுக்குச் சாமான் இருக்கும், அதை வைக்க இடம் வேண்டும் என்ற யோசனையே இல்லாமல் எழுப்பிய சுவர்கள். அதற்குள் இரண்டு தலைமுறை, சில வீடுகளில் மூன்று தலைமுறை. மகன் கல்யாணம் முடித்தால் இஸ்தோப்பை அடைத்து ஒரு காம்பரா. அடுத்த மகனுக்குப் பின்பக்கம் தகரம் போட்டு ஒரு சாய்ப்பு. ஹாலிஎலவுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் 1934-ல் பிறந்த தெளிவத்தை ஜோசப், இந்த நெருக்கடியில் ஒரு குடும்பம் இரவில் படுகிற பாட்டை ‘மீன்கள்’ என்று ஒரு சிறுகதையாக எழுதினார். வாசித்தவர்களுக்குத் தெரியும், அது சாமான் அடுக்குகிற பிரச்சினையைவிட எவ்வளவு பெரிது என்று. அந்தக் கதையை வாசித்தபிறகு ‘உங்கள் படுக்கையறையை ஒழுங்குபடுத்த ஏழு வழிகள்’ என்று யாராவது வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

சின்ன இடம் என்பதற்காகவே ஒழுங்கு வராது என்றும் சொல்ல முடியாது. 1926-ல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக்கலைப் பெண்மணி ஒரு சமையலறை வடிவமைத்தார். அகலம் 1.9 மீற்றர், நீளம் 3.4 மீற்றர். நம்முடைய காம்பராவில் பாதியைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ரயில் சாப்பாட்டுப் பெட்டியின் குசினியைப் பார்த்து யோசனை எடுத்தாராம். அரிசிக்கும் சீனிக்கும் பெயர் பொறித்த அலுமினிய லாச்சிகள், மாவில் புழு வராமலிருக்க ஓக் மரத்தில் ஒரு லாச்சி, கை எட்டுகிற தூரத்தில் எல்லாம். உலகத்தில் இன்றைக்குக் கட்டுகிற பொருத்துச் சமையலறைகளுக்கு அதுதான் முன்னோடி. நல்ல மூளைக்காரி, சந்தேகமில்லை. ஆனால் குடிவந்தவர்கள் முணுமுணுத்தார்கள். இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியவில்லை. கீழே இருக்கிற லாச்சிகளைக் குழந்தைகள் இழுத்துக் கொட்டின. குசினியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகிய குடும்பங்களுக்கு உட்கார இடமில்லை. அந்த அம்மா அதை வரைந்த காலத்தில் சமையல் பக்கம் போனவரே இல்லை என்பதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

அதாவது, எல்லாச் சாமானுக்கும் ஒவ்வோர் இடம் என்று வகுத்துவிட்டால் வீடு ஒழுங்காகும் என்று நினைப்பவர், வீட்டில் இருக்கிற ஆட்களை மறந்துவிடுகிறார்.

யப்பானின் மேரி கொண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-ல் வந்த அவருடைய புத்தகம் உலகம் முழுக்க விற்றது. ஒரு சாமானைக் கையில் எடுத்துப் பார், மனசுக்குச் சந்தோசம் தந்தால் வைத்துக்கொள், இல்லாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் சொன்ன வழி. 2023-ல் அவரே, மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு வீட்டை அப்படி வைத்திருப்பதை ஓரளவு கைவிட்டுவிட்டதாகச் சொன்னார். செய்தி வந்தபோது பலர் கேலி செய்தார்கள். எனக்கோ அவர் மேல் மரியாதைதான் கூடியது. மூன்று பிள்ளை பெற்ற எந்தப் பெண்ணும் சொல்லக்கூடியதை அவரும் சொன்னார்.

இருந்தாலும் அந்த அம்மாவின் முறை தோட்டத்துக்குச் சரிவராததற்கு வேறொரு காரணம் இருக்கிறது. வேண்டாததைத் தூக்கிப் போடு என்று சொல்ல முடிவது, நாளைக்கு வேண்டுமென்றால் திரும்ப வாங்கலாம் என்கிற இடத்தில். லயத்தில் காலியான பால்மா டின் நாளைக்கு மிளகாய்த்தூள் டின். கிழிந்த சாறி கொங்காணிக்கு உள்துணி. அதுவும் கிழிந்தால் பிள்ளைக்கு ஏணை. அதுவும் கிழிந்தால் அடுப்படித் துணி. பசளை உறை மிதியடியாகும், கூரை ஒழுகுமிடத்தில் மறைப்பாகும். ஒரு பிளாஸ்டிக் வாளியைத் திரும்ப வாங்குவதென்றால் ஒரு நாள் பேரில் ஒரு நல்ல பங்கு அதற்கே போய்விடும். இந்தக் கணக்கில் சேர்த்துவைப்பது அசிங்கமில்லை, கெட்டிக்காரத்தனம்.

ஆனால் கெட்டிக்காரத்தனத்துக்கும் ஓர் எல்லை வேண்டும். இல்லாவிட்டால் 120 சதுர அடியில் எண்பது அடியை ‘என்றைக்காவது உதவும்’ பிடித்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து வேலைசெய்கிற வழி ஒன்றுதான். அப்படிப்பட்ட சாமான்களுக்கு ஒரேயொரு சாக்கு. அரிசிச் சாக்கு அளவு. அது நிறைந்திருக்கும்போது புதிதாக ஒன்று போடவேண்டுமென்றால் பழையது ஒன்று வெளியே போகவேண்டும். எது போகவேண்டும் என்று சாமானைக் கையில் வைத்துக்கொண்டு மனசைக் கேட்க வேண்டியதில்லை, சாக்கே சொல்லிவிடும். உள்ளே எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை. யாரும் அதைப் படம் எடுக்கப் போவதில்லை.

இனி அசல் விஷயம். வீட்டில் இருக்கிற சாமான்களில் பெரும்பாலானவை தொலைந்தால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். கரண்டியைக் காணோமென்றால் அகப்பையால் கிளறலாம். சீப்பைக் காணோமென்றால் பக்கத்துக் காம்பராவில் வாங்கிச் சீவலாம். ஆனால் சில சாமான்கள் தொலைந்தால் வலிக்கும். பணம் போகும், ஒரு நாள் வேலை போகும், சில சமயம் ஒரு பிள்ளையின் வருசமே போகும். ஒழுங்கு அந்தச் சில சாமான்களுக்கு இருந்தால் போதும் என்பதுதான் என் கட்சி. மற்றவை எங்கே கிடந்தாலும் வீடு வீடுதான்.

வலிக்கிற சாமான் எது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் கொஞ்சம் மாறும். எல்லா வீட்டுக்கும் பொதுவானது கடதாசி.

ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதப் போகிறது. ஐடென்டிக் காட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். நாளைக் காலையில் பிறப்புப் பத்திரத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குத்தான் பிள்ளை அதைச் சொல்கிறது (இந்த மாதிரிச் செய்தி எப்போதும் இரவு எட்டு மணிக்குத்தான் வரும்). மெத்தையைத் தூக்குகிறார்கள். அங்கே பழைய சம்பளச் சிட்டைகள் இருக்கின்றன. ஊசிநூல் வைத்த பிஸ்கட் டின்னைத் திறக்கிறார்கள். அதில் தாத்தாவின் மரணப் பத்திரம் இருக்கிறது. சாமித் தட்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகைகள். கடைசியில் அப்பாயி எழுந்துவந்து, தலையணை உறைக்குள் கையை விட்டு, நாலாக மடித்த ஒரு கடதாசியை எடுக்கிறார். பிரித்தால் மடிப்பில் கிழிந்து, பதிவு இலக்கம் இருந்த இடத்தில் ஓட்டை.

அப்பாயி ஏன் அதைத் தலைக்கடியில் வைத்திருந்தார் என்பதை இளசுகள் யோசிக்க வேண்டும். 1948-ல் வந்த பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்து மக்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, இன்னார் இந்தியாவுக்கு, இன்னார் இங்கே என்று தலைகளை எண்ணிப் பங்கு போட்டது. எஞ்சியிருந்தவர்களின் விஷயம் சட்டப்படி தீர 2003 ஆகிவிட்டது. அந்த அரை நூற்றாண்டு முழுக்க, நீ யார், எங்கே பிறந்தாய், உன் அப்பன் எங்கே பிறந்தான் என்று ஏதாவது ஒரு கந்தோரில் யாராவது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கையில் கடதாசி இருந்தவர் தப்பினார். ஆகவே பாட்டிமார் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிற பழைய தாள்களைக் குப்பை என்று அடுப்பில் போட்டுவிடாதீர்கள். அவர்கள் சேர்த்ததில் தப்பே இல்லை. சேர்த்த விதத்தைத்தான் கொஞ்சம் மாற்ற வேண்டும்.

புத்தகக் கடையில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பைல் ஒன்று வாங்குங்கள். பெரிய செலவு இல்லை. அதற்குள் ஆளுக்கொரு உறை. பழைய கொப்பி மட்டையை மடித்து ஒட்டினாலும் உறைதான். பிறப்புப் பத்திரம், ஐடென்டிக் காட்டின் போட்டோக் கொப்பி, கல்யாணப் பதிவு, கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம், அஸ்வெசும சம்பந்தமாக வந்த தாள்கள். இவற்றை அகர வரிசையில் அடுக்க வேண்டாம், நிறம் பிரிக்க வேண்டாம். அம்மாவுடையது அம்மா உறையில் இருந்தால் போதும். மடிக்காமல் வைத்தால் இன்னும் நல்லது. கடதாசி எப்போதும் மடிப்பில்தான் சாகிறது.

ஊழியர் சேமலாப நிதித் தாள்களுக்குத் தனி உறை போடுங்கள். தோட்டத்தில் பேர் போடுகிற ஒவ்வொருவருக்கும் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்து, தோட்டம் 12 சேர்த்து, அந்த நிதிக்குப் போகவேண்டும். 1958-ன் சட்டம் அது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் அதை எடுக்கலாம். சேவைக்காலப் பணம் வேறு இருக்கிறது. 1983-ன் சட்டப்படி, ஐந்து வருசத்துக்குக் குறையாமல் வேலைசெய்த நாட்கூலிக்காரருக்கு வருசமொன்றுக்கு 14 நாள் சம்பளம். முப்பது வருசம் மலையேறிய ஒரு பெண்ணுக்கு வாழ்க்கையில் ஒரே தடவை மொத்தமாகக் கையில் வருகிற காசு இதுதான். அதை எடுக்கப் போகும்போது எது தடுக்கும் தெரியுமா? பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐடென்டிக் காட்டில் ஒரு மாதிரி, தோட்டத்துச் செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது ஒரு மாதிரி. தமிழ்ப் பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதைத் திரும்ப இங்கிலீசில் எழுதும்போது முத்தம்மா என்னவெல்லாமோ ஆகிவிடுவார்.

இதற்கு ஐம்பது வயதுவரை காத்திருக்க வேண்டாம். வேலையில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, படித்த பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாத் தாளையும் பாயில் பரப்பி, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றோடொன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தாததைப் பிள்ளை ஒரு கொப்பியில் எழுதட்டும். கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். வருசக் கணக்கில் இழுக்கும். ஆனால் அவசரமில்லாத காலத்தில் இழுப்பது வேறு, காசு கைக்கு வரும் நேரத்தில் இழுப்பது வேறு. என்னைக் கேட்டால், வீட்டு ஒழுங்கு என்ற பெயரில் செய்கிற வேலைகளில் இந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஈடாக வேறெதுவும் இல்லை. அன்றைக்குச் சட்டி கழுவாமல் கிடந்தால் கிடக்கட்டும்.

அப்படியே எல்லாத் தாளையும் கைபேசியில் படம் பிடித்து, கொழும்பில் வேலைசெய்கிற தம்பிக்கோ பதுளை டவுனில் இருக்கிற சித்தப்பாவுக்கோ வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். படம் அசலுக்கு ஈடாகாது. ஆனால் அதில் பதிவு இலக்கமும் தேதியும் இருக்கும்; அவை இருந்தால் பிரதேச செயலகத்தில் புதுப் பிரதி எடுப்பது சுலபம்.

இன்னொன்று, கடிதம். பல தோட்டங்களில் லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது. தபால் தோட்டத்துக் கந்தோருக்கு வந்து, அங்கிருந்து யார் கையாகவாவது வரும். சில நாள் தாமதமாக வரும், சில வராமலே போகும். வந்த கடிதத்தையாவது தொலைக்காமலிருக்க, கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து ஒரு சொப்பின் பேக் தொங்கவிடுங்கள். வாசித்தது, வாசிக்காதது, பில், கிளினிக் துண்டு எல்லாம் அதற்குள். மாதச் சம்பளத்தன்று கொட்டிப் பார்த்து, பைலுக்குப் போகவேண்டியதைப் பைலுக்கும் மற்றதை அடுப்புக்கும் அனுப்பலாம். ஆணியும் பையும் அழகில்லைதான்.

கடதாசிக்கு இவ்வளவு சொல்லிவிட்டேன். மற்றவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். பிரஷர் மாத்திரை, சீனி வருத்தத்து மாத்திரை, ஆஸ்மாப் பம்பு ஒரு மூடி போட்ட டின்னில், பிள்ளை எட்டாத உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில். டோர்ச்சும் நெருப்புப்பெட்டியும் இருட்டில் கை போகிற இடத்தில். பள்ளிக்கூடப் பையும் சப்பாத்தும் ராத்திரியே கதவடியில். காலை ஐந்து மணிக்கு எழுந்து ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சின்னதைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்குப் போகிற பெண்ணுக்கு, ஒரு சப்பாத்தைத் தேடுகிற ஐந்து நிமிசம் அரைப்பேராகக்கூட முடியலாம். அந்த ஐந்து நிமிசத்தை மிச்சப்படுத்துகிற ஒழுங்கு போதும். அதற்குமேல் தரையில் என்ன கிடக்கிறது என்று பார்க்க அவளுக்கும் நேரமில்லை, நமக்கும் உரிமையில்லை.

மற்றதெல்லாம் அப்படியே கிடக்கட்டுமா என்று கேட்பீர்கள். கிடக்க வேண்டாம். ஆனால் அதை ஒரே நாளில் முடிக்கிற வேலையாக நினைக்காதீர்கள். மலையில் கொழுந்து எடுப்பதை யாராவது முடித்திருக்கிறார்களா? ஏழெட்டு நாளுக்கு ஒரு சுற்று. கடைசி நிரைக்கு வரும்போது முதல் நிரையில் மறுபடி கொழுந்து ஏறியிருக்கும். அதற்காக யாரும் மலை ஒழுங்காக இல்லை என்று அழுவதில்லை; மட்டத்துக்கு மேலே வந்ததை எடுத்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிறோம். வீட்டையும் இப்படிச் சுற்றாகப் பிரித்துக்கொள்ளலாம். இன்றைக்கு அடுப்படி, இன்னொரு நாள் கட்டிலுக்கடி, அடுத்த வாரம் கொடியும் உடுப்பும். கையில் இருக்கிற கால் மணிநேரத்துக்குள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதை எடுத்துவிட்டால் போதும். அடியிலே கிடப்பதைக் கிளற வருசத்துக்கு ஒரு தடவை கவ்வாத்துக் காலம் வரும்.

அந்தக் காலம் எது என்பதில் எனக்கும் ஊருக்கும் ஒரு சின்னச் சண்டை இருக்கிறது. எல்லாரும் தீபாவளிக்கு முற்பணம் எடுத்துத்தான் வீட்டைக் கழுவி, சுண்ணாம்போ பெயின்றோ அடிக்கிறார்கள். கையில் காசு வருகிற நேரம் அது, புரிகிறது. ஆனால் ஊவாவில் தீபாவளி மழையோடு வருகிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரிவரை நமக்கு ஈரம். கழுவிய மெத்தை காயாது, அடித்த சுண்ணாம்பு பூக்கும், கம்பளி நாறும். கழுவலுக்கு ஏற்ற காலம் ஜூலை முதல் செப்டெம்பர்வரை. மேற்குப் பக்கத்து மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கச்சான் நம் பக்கம் இறங்குகிற காலம். தேயிலைக்கு வாசம் தருகிற அதே காற்று கம்பளியையும் ஒரே பகலில் காயவைத்துவிடும். புழுதி கிளம்பும், சரிதான். புழுதியைத் தட்டலாம், பூஞ்சணத்தை என்ன செய்வது? ஆடி ஆவணியில் கழுவிக் காயவைத்து, தீபாவளிக்கு முன்சுவருக்கு மட்டும் பெயின்ற் அடித்தால் காசும் மிச்சம். ஆனால் நான் சொல்லி யாரும் கேட்டதில்லை.

புதுவீடு கிடைத்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது நெடுநாள் கோரிக்கை. இந்திய உதவியில் கட்டுகிற வீடுகள் 550 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி, ஏற்கெனவே சொன்ன 4,000 வீடுகளுக்கு மேல் இன்னும் 10,000 வீடு அறிவித்துவிட்டுப் போனார். லயத்திலேயே இருப்பவர்கள் இன்னும் ஏராளம். கிடைத்தவர்கள் செய்கிற முதல் வேலை ஒரு சோகேஸ் வாங்குவது. அதில் பிளாஸ்டிக் பூ, பிள்ளை வாங்கிய கப், யாரும் குடிக்காத தேத்தண்ணிக் கோப்பைகள். முன்னறை கண்ணாடி மாதிரி இருக்கிறது. குடும்பம் முழுக்கக் குசினியில் மணைப்பலகையில் உட்கார்ந்து சாப்பிடுகிறது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நாலு தலைமுறைக்குப் பிறகு விருந்தாளியை உட்காரவைக்க ஓர் அறை கிடைத்தவர்களுக்கு அதைப் பளபளப்பாக வைத்திருக்கிற ஆசை நியாயமானது. பைலும் மாத்திரை டின்னும் அந்தச் சோகேஸின் மேல்தட்டில் இருக்கட்டும் என்று மட்டும் சொல்வேன்.

இனி ஆண்பிள்ளைகள் கேளுங்கள்.

2014 ஒக்டோபர் 29 காலை, கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் வேறு இடத்தில் குடியேற்றப்படவில்லை. போன உயிர்களைப் பற்றிப் பேசும்போது கடதாசியைப் பற்றிப் பேசுவது சரியாகாது. ஆனால் தப்பியவர்களுக்கு அடுத்த நாளிலிருந்து நிவாரணத்துக்கும் வீட்டுக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் தாங்கள் யார் என்று காட்ட வேண்டிய நிலை வருகிறது. லயத்தில் தீப்பிடித்தாலும் இதே கதைதான். ஒரே நீளக் கூரை. கோடிக் காம்பராவில் வயர் பொசுங்கினால் வரிசை முழுக்க ஓடிவிடும்.

ஆகவே அந்த ஜிப் பைல் மெத்தைக்கடியில் இருக்கக்கூடாது, பெட்டிக்கடியிலும் இருக்கக்கூடாது. மழை தொடங்கியதும் ஒரு பள்ளிக்கூடப் பையில் பைலையும் மாத்திரை டின்னையும் டோர்ச்சையும் கைபேசிச் சார்ஜரையும் போட்டு, ஆளுக்கொரு மாற்றுடுப்பு வைத்து, கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிடுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பதுளை மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுவது மழைக்காலத்தில் வழக்கமான செய்தி. ரேடியோவில் கேட்டபிறகு தேட ஆரம்பித்தால் நேரம் போதாது.

அந்தப் பையை யார் தூக்குவது என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். பகலில் என்றால் அம்மா மலையில் நிற்பார். வீட்டில் அப்பாயியும் சின்னப் பிள்ளையும்தான். அப்பாயி பிள்ளையைத் தூக்குவாரா, பையைத் தூக்குவாரா? பிள்ளையைத்தான். அப்படியானால் பை யாருடைய பொறுப்பு? பக்கத்துக் காம்பராவில் வேலைக்குப் போகாமல் இருக்கிற பையனுக்கு ஆணி எங்கே என்று காட்டி வையுங்கள். இரவில் என்றால் அப்பா. அவர் தண்ணி போட்டுவிட்டுப் படுத்திருக்கிற சம்பள நாளாக இருந்தால் மூத்த மகன். இதை வீட்டில் ஒருதரம் எல்லாரும் உட்கார்ந்து, பெயர் சொல்லி, வாய்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும். இன்னும் கொஞ்சம் தேத்தண்ணி ஊற்றட்டுமா?